மணலில் விழுந்த முன்பல்லும் இனிச் செய்ய வேண்டியதும்

திருகோணமலை லிங்கநகரில் இருக்கும் ஒரு தாய் பல் வைத்தியரான என்னிடம் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நிலாவெளிக் கடற்கரையில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும்போது, அவருடைய பதினொரு வயது மகனின் வாயில் இன்னொரு பிள்ளையின் முழங்கை பட்டு, மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று மணலில் விழுந்துவிட்டது. தேடியெடுக்க இருபது நிமிடம் ஆனது. மச்சாள் அதைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, டிஷ்யூவில் சுற்றிக் கொடுத்தார். வழியில் இருந்த ஒரு தனியார் பல் கிளினிக் பூட்டியிருந்தது. நகரத்துக்கு வந்து வைத்தியசாலையில் பல்லைத் திரும்ப வைத்துக் கம்பி கட்டி முடியும்போது இரண்டு மணி நேரம் போய்விட்டது. இன்று ஆறாவது நாள். "பல் எலும்போடு ஒட்டிப் போகும், வேருக்கும் சிகிச்சை செய்ய வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் எங்கே பிழை விட்டோம், அப்படியானால் பல்லை வைத்ததே வீணா, இனி என்ன செய்வது, மச்சாளுக்கு என்ன சொல்வது என்று கேட்கிறார்.

தங்கச்சி, இனி என்ன செய்வது என்பதை முதலில் எடுக்கிறேன். மற்றவை நடந்து முடிந்தவை. இது மட்டும்தான் இந்தக் கிழமை உங்கள் கையில் இருக்கிறது.

மகனுக்குப் பதினொரு வயது. மேல் முன்பல்லின் வேர் பத்து வயதளவில் வளர்ந்து நுனி மூடிவிடும். நுனி மூடிய பல் வேரோடு கழன்றால், உள்ளே போகும் இரத்தக் குழாயும் நரம்பும் அறுந்துவிடும். அவை திரும்ப ஒட்டிக்கொள்வதில்லை. பல்லுக்குள் இருக்கும் கூழ் செத்துப்போகும். செத்த கூழில் கிருமி குடியேறும். அந்த நஞ்சு பல்லின் நுண்ணிய குழாய்கள் வழியாக வேரின் வெளிப்பக்கத்துக்குக் கசியும். அங்கே உடலின் பாதுகாப்புப் படை கிருமியோடு சேர்த்து வேரையும் தின்னத் தொடங்கும். பிள்ளைகளில் இது மிக வேகமாக நடக்கும். சில கிழமைகளிலேயே எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றிக் கறையான் அரித்ததுபோல் தெரியும். ஆனால் இந்த ஒரு சேதத்தை முற்றாகத் தடுக்கலாம். வேர்க்கால் சிகிச்சை, அதாவது ரூட் கெனால், பல்லைத் திரும்ப வைத்து இரண்டு கிழமைக்குள் தொடங்கிவிட வேண்டும். உங்களுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. கம்பி இருக்கும்போதே தொடங்கினால் பல் ஆடாமல் நிற்கும், வைத்தியருக்கும் வேலை சுலபம். கூழை எடுத்துவிட்டுக் கல்சியம் ஹைட்ரொக்சைட்டு என்ற மருந்தை ஒரு மாதம் வரை உள்ளே வைத்திருந்து, பிறகு நிரந்தரமாக அடைப்பார்கள்.

உங்களுக்குக் கொடுத்த திகதி அடுத்த மாதத்தில் இருந்தால் தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். கிளினிக்குக்குத் திரும்பப் போய், "பதினொரு வயது, வேர் நுனி மூடிய பல், இரண்டு மணி நேரம் காய்ந்து கிடந்தது, இந்த நாளில் திரும்ப வைத்தது" என்று சொல்லுங்கள். இந்த நான்கையும் கேட்ட எந்தப் பல் வைத்தியருக்கும் அவசரம் விளங்கும். அங்கே வசதி இல்லை என்றால் எங்கே அனுப்ப முடியும் என்று கேட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் போதனா வைத்தியசாலைகள் இருக்கின்றன, பேராதனையில் பல் மருத்துவ பீடம் இருக்கிறது. தூரம்தான். ஆனால் அந்தப் பல்லுக்கு முன்னால் ஒரு நாள் பயணம் பெரிதில்லை.

அடுத்தது ஏற்பு ஊசி, அதாவது டெட்டனஸ் ஊசி. பல் விழுந்தது மணலில். ஐந்து வயதில் போட்ட ஊசிக்குப் பிறகு, ஏழாம் ஆண்டில் பாடசாலையில் போடுவதுதான் அடுத்தது. மகன் ஆறாம் ஆண்டு என்றால் அது இன்னும் போடப்பட்டிருக்காது. அன்றைக்கு வைத்தியசாலையில் போட்டார்களா என்று துண்டைப் பாருங்கள். போடவில்லை என்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள். கிருமி எதிர்ப்பு மருந்தைப் பாதியில் நிறுத்த வேண்டாம். அமொக்சிசிலின்தான் பொதுவாகக் கொடுப்பது.

சாப்பாடு இரண்டு கிழமைக்கு மென்மையாக இருக்கட்டும். இடியப்பமும் சொதியும், குழைத்த சோறும் பருப்பும், கஞ்சி, வாழைப்பழம் எல்லாம் நல்லது. கச்சான், முறுக்கு, மாங்காய், கொய்யா வேண்டாம். முன்பல்லால் கடிக்கவே விட வேண்டாம். ஆனால் பல்லைச் சும்மா முழுதாக அசையாமல் வைத்திருக்கவும் கூடாது. கடைவாயால் மெல்லும்போது அதற்குக் கிடைக்கும் சின்னச் சின்ன அசைவு நல்லது. அதனால்தான் இறுக்கமான கம்பியை விட்டு இப்போது வளையும் மெல்லிய கம்பியைக் கட்டுகிறோம். நம் ஊர் ஆட்களுக்கு ஒரு விஷயம் சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். இந்தக் கட்டுக்குக் கம்பிக்குப் பதிலாக மீன்பிடிக்கிற நைலோன் தங்கூசியையும் பாவிக்கலாம் என்று 2020இல் வந்த சர்வதேசப் பல் காய வழிகாட்டலிலேயே இருக்கிறது. 0.13 முதல் 0.25 மில்லிமீற்றர் தடிப்புள்ள தங்கூசியை, பல் அடைக்கும் பசையால் பக்கத்துப் பற்களோடு ஒட்டுவது. பிரஷ் மென்மையானதாக இருக்க வேண்டும், சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் தீட்ட வேண்டும். நோகும் என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் தீட்டும் பிள்ளைகள்தான் அதிகம், பக்கத்தில் நின்று பாருங்கள். குளோர்ஹெக்சிடின் வாய் கழுவும் மருந்து காலையும் மாலையும் இரண்டு கிழமைக்கு.

சரி, இனி வைத்தது வீணா என்ற கேள்வி. வீணே இல்லை. ஏன் என்று விளங்க, பல் எலும்பில் எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டும்.

பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஏறக்குறைய கால் மில்லிமீற்றர் இடைவெளியில், உயிருள்ள நார்களால் ஆன ஒரு சவ்வு இருக்கிறது. அந்த ஊஞ்சலில்தான் பல் தொங்குகிறது. பல் கழன்று விழும்போது இந்தச் சவ்வு நடுவால் கிழிகிறது. பாதி குழிக்குள் எலும்போடு நிற்கும், பாதி வேரின் மேல் ஒட்டியபடி வெளியே வரும். கையில் எடுத்துப் பார்த்தால் வேரில் மெல்லிய ஈரத் தோல்போல் இருப்பது அதுதான். இரத்தக் கறை, ஊத்தை என்று நினைத்துப் பெரும்பாலானவர்கள் தேய்த்துக் கழுவுவதும் அதைத்தான். அந்தச் சவ்வில் இருக்கும் கலங்கள் (செல்கள்) உயிரோடு குழிக்குள் திரும்பிப் போனால் கிழிந்த இரண்டு பாதியும் தைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். செத்துப் போயிருந்தால் எலும்பு நேராக வேரோடு வந்து ஒட்டும்.

1966இல் டென்மார்க்கில் அன்ட்ரியாசென் என்ற பல் வைத்தியரும் அவருடைய சகாவும், கழன்று திரும்ப வைத்த 110 பற்களைப் பின்தொடர்ந்து பார்த்து எழுதினார்கள். அரை மணி நேரத்துக்குள் வைத்த பற்களில் நூற்றுக்குத் தொண்ணூறில் வேர் கரையவில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வைத்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் கரைந்தது. நான் படித்த காலத்தில் இந்த இரண்டு எண்களையும்தான் எங்களுக்கு முதலில் மனப்பாடம் ஆக்கினார்கள். இன்றைய கணக்கு இன்னும் கண்டிப்பானது. பதினைந்து நிமிடத்துக்குள் வைத்தால் கலங்களில் பெரும்பகுதி உயிரோடு இருக்கும். காய்ந்தபடி ஒரு மணி நேரம் போனால் ஒன்றும் மிஞ்சாது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் மகனின் பல் இரண்டு மணி நேரம் காய்ந்தது. ஆகவே வைத்தியர் சொன்னது உண்மை. அது எலும்போடு ஒட்டும். எலும்பு தன்னைத் தானே ஓயாமல் உடைத்துக் கட்டிக்கொண்டிருக்கும் பொருள். ஒட்டிய வேரையும் தன் பாகமாக நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் எலும்பை நிரப்பும். இதில் வலி இல்லை, சீழ் இல்லை, வெளியில் ஒன்றும் தெரியாது. வைத்தியர் கருவியின் பிடியால் தட்டிப் பார்க்கும்போது மற்றப் பற்களைவிடக் கிண்ணென்று உலோகம்போல் சத்தம் கேட்கும், துளியும் அசையாது. வளரும் பிள்ளையில் இது பெரியவர்களைவிட வேகமாக நடக்கும். இன்னொன்றும் நடக்கும். பக்கத்துப் பற்கள் தாடையோடு சேர்ந்து கீழிறங்கி வளர, ஒட்டிய பல் நின்ற இடத்திலேயே நிற்கும். வருடம் போகப் போக அது மற்றதைவிடக் குட்டையாகத் தெரியும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் அந்த வைத்தியர் அதைத் திரும்ப வைத்தார், சரியான முடிவு எடுத்தார். பல் இல்லாத குழியில் எலும்பு சூம்பிப் போகும். பிள்ளைக்குப் பதினொரு வயது. வளர்ச்சி முடியும்வரை இம்ப்ளான்ட், அதாவது எலும்புக்குள் பதிக்கும் செயற்கைப் பல், வைக்க முடியாது, வைத்தால் அதுவும் ஒட்டிய பல்லைப் போலவே பின்தங்கி நிற்கும். அதுவரை அந்த எலும்பின் அகலத்தையும் உயரத்தையும் காப்பாற்றித் தருவது இந்தப் பல்தான். சொந்தப் பல்லோடு சிரித்துக்கொண்டு சில வருடம் பாடசாலைக்குப் போவது பிள்ளைக்குச் சின்ன விஷயமும் இல்லை. பிறகு அது மிகவும் குட்டையாகத் தொடங்கினால், வெளியே தெரியும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை எலும்புக்குள் விட்டுவிடும் ஒரு முறை இருக்கிறது. 1984இல் சுவீடனில் தொடங்கியது. விட்ட வேர் மெல்ல எலும்பாக மாறும், மேலே புது எலும்பும் வளரும். அந்த நேரத்தில் பக்கத்துப் பல்லோடு ஒட்டும் பாலம் என்ற செயற்கைப் பல்லோ, கழற்றி மாட்டும் பல்லோ வைப்பார்கள். சில பிள்ளைகளில் கடைவாய்க்கு முன்னால் இருக்கும் சின்னப் பல் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் நடவும் முடியும். அதற்கு வேரின் வளர்ச்சி சரியான கட்டத்தில் இருக்க வேண்டும், ஆகவே இந்தப் பேச்சை அடுத்த வருடத்துக்குள் பல் சீரமைப்பு நிபுணர் ஒருவரோடு பேசிவைப்பது நல்லது.

அதனால் பரிசோதனைத் திகதிகளைத் தவறவிட வேண்டாம். இரண்டு கிழமையில் கம்பி கழற்றும்போது, பிறகு நான்காவது கிழமை, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம், அதன் பிறகு குறைந்தது ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு ஒரு முறை. வலி இல்லை என்பதால் தாய்மார் மூன்றாம் மாதத்தோடு நிறுத்திவிடுவார்கள். இந்த மாவட்டத்து வைத்தியசாலைகளில் இருந்த இருபது வருடத்துக்கு மேலான காலத்தில் எனக்கு மனம் நொந்த இடம் அதுதான்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் எங்கே பிழை விட்டோம் என்று கேட்டீர்கள். குற்றம் சொல்ல எழுதவில்லை. யாருமே உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நான் சொல்ல வேண்டிய பெரிய விஷயம் ஒன்றுதான். கழன்ற பல்லைத் திரும்ப வைக்க வேண்டியவர் பல் வைத்தியர் இல்லை, அந்த இடத்தில் நிற்கும் ஆள்தான். நிலாவெளியில் இருந்து நகரத்துக்கு வர ஒரு தடங்கலும் இல்லாவிட்டாலும் அரை மணி நேரம் போய்விடும். வைத்தியரிடம் வந்து சேரும்போது அந்தப் பதினைந்து நிமிடம் எப்போதோ முடிந்திருக்கும்.

முன்னொரு காலத்தில் இது இன்னும் கொடுமை. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன் நாங்கள் பாதை என்று சொல்லும் மிதவையில் ஆளும் வாகனமும் ஏறி, அது அசைந்து அசைந்து அக்கரை சேர வேண்டும். மூதூர் ஆட்கள் துறைமுகத்தைக் கடக்க லோஞ்சுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் அக்கரையில் இருந்து பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்த பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறேன். ஒரேயொரு பையன் மட்டும் பல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தான். அவனுடைய பாட்டனார் கடலோடி. விழுந்த உடனே எடுத்து, துப்பலில் அலசி, குழியிலேயே செருகி, சாரத்தின் ஓரத்தைக் கிழித்துக் கடிக்கக் கொடுத்திருக்கிறார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. "இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று வைத்தேன் ஐயா" என்றார். பல் கொஞ்சம் திரும்பியிருந்தது, அதை நேராக்கிக் கட்டியதுதான் என் வேலை. அந்தப் பல் நிலைத்தது.

அவர் செய்ததைத்தான் எல்லோரும் செய்ய வேண்டும். பல்லை எடுக்கும்போது வெண்மையான மேல்பகுதியைப் பிடியுங்கள், வேரைத் தொட வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, பிள்ளையின் சொந்தத் துப்பலிலோ, சேலைனிலோ ஒரு முறை அலசுங்கள். ஒன்றும் இல்லை என்றால் குழாய்த் தண்ணீரை மெல்லத் திறந்து பத்து விநாடிக்குள் ஓடவிட்டு எடுங்கள். தேய்க்கக் கூடாது, சவர்க்காரம் கூடாது, கிருமிநாசினி கூடாது, துணியால் துடைக்கவும் கூடாது. ஒரு மணல் துளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, சவ்வு இருக்கட்டும். பிள்ளையைத் துப்பச் சொல்லிவிட்டு, பக்கத்துப் பல்லைப் பார்த்து, குவிந்து வழுவழுப்பாக இருக்கும் பக்கம் உதட்டை நோக்கி இருக்க, குழிக்குள் வைத்து விரலால் மெல்ல அழுத்துங்கள். பயப்பட வேண்டாம், அடிபட்ட உடனே அந்த இடம் மரத்துப்போய் இருக்கும், நாம் நினைக்கிற அளவு நோகாது. பக்கத்துப் பல்லின் மட்டத்துக்கு வந்ததும் சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கடிக்கக் கொடுத்து, ஓட்டோவில் ஏற்றுங்கள். கொஞ்சம் கோணலாக வைத்தாலும் வைத்தியர் நேராக்கிக்கொள்வார். காய்ந்த பல்லுக்கு அவரால் உயிர் கொடுக்க முடியாது.

சிலருக்குக் கை வராது. பிள்ளை அழுது திமிறும், தாய்க்கு மயக்கம் வரும். அது இயல்பு. அப்படியானால் பல்லைக் காயவிடாமல் கொண்டுவர வேண்டும், அதற்கு எதில் போடுவது என்பதுதான் கேள்வி. இதில் நம் ஊருக்கு என்று சில விஷயம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் இடம் குளிர்ந்த பாலுக்கு. பாலில் கரைந்திருக்கும் பொருட்களின் செறிவு நம் இரத்தத்தின் செறிவுக்குக் கிட்டத்தட்டச் சமம், அதனால் கலம் ஊதி வெடிக்காது, சுருங்கிச் சாகாது. பாலில் சில மணி நேரம் தாங்கும். பசும்பால், பெட்டியில் வரும் வெறும் பால் எதுவும் சரி. சீனி சேர்த்த, சுவையூட்டிய பால் வேண்டாம், கொதிக்கும் பாலும் வேண்டாம். நம் வீடுகளில் பசும்பாலைவிடப் பால்மாதான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். வேறு வழி இல்லாவிட்டால் ஆறிய தண்ணீரில் சீனி இல்லாமல் கரைத்த பால்மாவில் போடுங்கள், வெறும் தண்ணீரைவிட அதைத்தான் நான் தெரிவுசெய்வேன். தண்ணீரில் உப்பு இல்லாததால் கலங்கள் உறிஞ்சி ஊதி வெடிக்கும். ஆனாலும் காய்வதைவிடத் தண்ணீர் நல்லது. காய்வதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. உங்கள் பல்லுக்கு நடந்த பெரிய கேடு சவர்க்காரம்கூட இல்லை, ஈரத்தை எல்லாம் உறிஞ்சிக்கொண்ட அந்த டிஷ்யூதான்.

கடற்கரையில் நின்றால் கை தானாகக் கடல் தண்ணீருக்குப் போகும், உப்புத் தண்ணீர் காயத்துக்கு நல்லதுதானே என்று. வைத்தியசாலைச் சேலைனில் ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு. கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம். நெத்தலிக் கருவாடுபோல் கலங்கள் சுருங்கிவிடும். அதில் போட்டு வைக்க வேண்டாம். நம் எருமைத் தயிரும் வேண்டாம், புளிப்பு அதிகம். இளநீரைப் பற்றிப் பலர் கேட்பார்கள். சென்னை ஆய்வாளர்கள் 2008இல் ஆய்வுகூடத்தில் பார்த்துவிட்டு நல்லது என்று எழுதினார்கள். பிறகு பார்த்த வேறு சிலர் அதன் புளிப்புத்தன்மையால் கலங்கள் பாலில் இருப்பதுபோல் தாங்கவில்லை என்றார்கள். ஆகவே பால் இருக்கும்போது இளநீரைத் தேட வேண்டாம். நிலாவெளிக் கரையில் கையில் வேறு ஒன்றும் இல்லாமல் செவ்விளநீர்க் கடை மட்டும் முன்னால் இருந்தால், காயவிடுவதைவிட அது மேல்.

எப்போதும் எங்கேயும் இருப்பது துப்பல். சின்னக் கோப்பையிலோ போத்தல் மூடியிலோ பிள்ளையைத் துப்பச் சொல்லி அதில் பல்லைப் போடுங்கள். மெல்லிய பொலித்தீனில் துப்பலோடு சுற்றினாலும் ஈரம் காக்கும். நிலாவெளியில் அன்றைக்கு இதையாவது செய்திருக்கலாம். அடுத்த முறை யாருக்காவது இது நடந்தால் நீங்கள் சொல்லிக் கொடுப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

ஞாயிறு, போயா, இரவு என்றால் தனியார் கிளினிக்குகளைத் தேடி அலைய வேண்டாம். நேராக வைத்தியசாலை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், பல் விழுந்தது என்று மட்டும் சொல்லாமல், "நிரந்தரப் பல் வேரோடு கழன்றது, பல் பாலில் இருக்கிறது" என்று சொல்லுங்கள். வெறுமனே பல் என்றால் வரிசையில் இருத்திவிடுவார்கள்.

பல்லுக்கு முன்னால் பார்க்க வேண்டியதும் உண்டு. பிள்ளை மயங்கினால், வாந்தி எடுத்தால், தலையிடி என்று சோர்ந்தால், தாடை மூடாமல் கோணினால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள், பல் பாலில் காத்திருக்கட்டும். தேடியும் பல் கிடைக்கவில்லை என்றால் மணலில் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அது முரசுக்குள் புகுந்திருக்கலாம், விழுங்கியிருக்கலாம், மூச்சுக்குழாய்க்குள்ளும் போயிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்ல முடியும். இருதய வருத்தம் கடுமையாக உள்ள பிள்ளை, புற்றுநோய் மருந்தில் இருக்கும் பிள்ளை என்றால் நீங்களாக வைக்காமல் பாலில் போட்டுக் கொண்டுபோங்கள்.

உங்களுக்குச் சின்ன மகளும் இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள், ஐந்து வயது. அவளுடைய பல் விழுந்தால் திரும்ப வைக்கவே கூடாது. பாற்பல்லை உள்ளே தள்ளினால், கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் முளை சேதப்படும். பாற்பல் சின்னது, பால்போல் வெள்ளை. நிரந்தரப் பல் பெரியது, கொஞ்சம் மஞ்சள், வேர் நீளம், புதிதாக வந்ததென்றால் ஓரம் வாள்போல் பற்கள் பற்களாக இருக்கும். மேல் முன்பற்கள் ஏழு எட்டு வயதில் மாறும். சந்தேகமாக இருந்தால் பாலில் போட்டுக் கொண்டு வாருங்கள், நாங்கள் பார்த்துச் சொல்வோம்.

இந்த வித்தியாசம் தெரியாததால் பல பற்களை நாம் இழந்திருக்கிறோம். விழுந்த பாற்பல்லை "அணிலே அணிலே, இந்தப் பல்லை எடுத்து நல்ல பல்லைத் தா" என்று கூரையில் எறிவது நம் வழக்கம். அழகான வழக்கம், என் பிள்ளைகளுக்கும் செய்தேன். ஆனால் எட்டு வயதில் அடிபட்டு விழுந்த பல்லையும் அதே நினைப்பில் எறிந்துவிட்டு, பிறகு வளரும் என்று இரண்டு வருடம் காத்திருந்து வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அது வளராது. அணிலிடம் அந்தப் பல் இல்லை.

ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அவர்களுடைய வேர் நுனி இன்னும் திறந்தே இருக்கும். உடனே வைத்தால் அந்த வாய் வழியாகப் புதிய இரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்து கூழ் மீண்டும் உயிர்பெறலாம், வேரும் தொடர்ந்து வளரலாம். அதனால் அவர்களுக்கு வேர்க்கால் சிகிச்சையை எடுத்த எடுப்பில் தொடங்குவதில்லை. சில கிழமைக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுத்துக் காத்திருப்போம். கிருமி தொற்றிய அடையாளம் தெரிந்தால் மட்டும் கை வைப்போம். ஆகவே உங்கள் மகனுக்குச் சொன்ன இரண்டு கிழமைக் கணக்கை அந்த வயதுப் பிள்ளைக்குப் பொருத்திச் சொல்ல வேண்டாம்.

பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு விஷயம் சொல்லுங்கள். முதலுதவிப் பெட்டியில் மூடியுள்ள சின்னப் போத்தலும் ஒரு சேலைன் போத்தலும் இருக்கட்டும். விளையாட்டு ஆசிரியர்களுக்குப் பல்லை எங்கே பிடிப்பது என்று ஐந்து நிமிடம் காட்டினால் போதும். தோல்பந்துக் கிரிக்கெட் விளையாடும் பிள்ளைக்கு வாய்க்கவசம் வாங்கிக் கொடுங்கள். முன்பற்கள் வெளியே தள்ளியிருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு, அவர்களைப் பல் சீரமைப்புக்கு நேரத்தோடு காட்டுங்கள்.

கடைசியாக மச்சாள். அவர் சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மற்ற எல்லோரும் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் ஒருவர்தான் முழங்காலில் இருந்து இருபது நிமிடம் மணலைக் கிளறினார். அவர் தேடியிருக்காவிட்டால் வைத்தியருக்குத் திரும்ப வைக்க ஒரு பல்லே இருந்திருக்காது. எலும்பு சூம்பாமல் மகனுக்குக் கிடைக்கப்போகும் அந்த வருடங்கள் அவர் தேடிக் கொடுத்தவை. இதை நான் சொன்னதாகவே அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். கம்பி கழற்றும் நாளுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியர் அந்தப் பல்லைக் காட்டி விளக்கும்போது அவரும் பக்கத்தில் நிற்கட்டும்.